நீங்கள் சேமித்தது ரூ. 412.50

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஒரு தள்ளுபடிக் கடை வாசலில், காவலாளி என் மஞ்சப்பையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு பிளாஸ்டிக் நாடாவை மாட்டி டர்ரென்று இழுத்துப் பூட்டிவிட்டார். "உள்ள போகலாம் சார்." போனேன். இருபது அடி நடந்த பிறகுதான் உறைத்தது. வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட்டு பைக்குள்ளே இருக்கிறது. அதைப் படிக்க வேண்டிய கண்ணாடியும் பைக்குள்ளே இருக்கிறது.

திரும்பிப் போய்ச் சொன்னேன். வெட்டிவிடலாமாம்; ஆனால் மறுபடி வரிசையில் நின்று மறுபடி பூட்டிக்கொண்டுதான் வர வேண்டுமாம். வரிசை வண்டி நிறுத்துமிடம் வரை போயிருந்தது. வீட்டுக்குப் போன் போடலாமென்றால் அந்தத் தகரக் கூரைக்கடியில் சிக்னல் செத்துப்போயிருந்தது. சரி, ஞாபகத்தை நம்புவோம் என்று கிளம்பினேன். அறுபத்தொரு வயதில்.

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. போதாததற்கு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே பையைத் தூக்கிக் கையில் கொடுத்தது. நானும் கேட்டுக்கொண்டேன். அந்த மஞ்சப்பையைத்தான், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் நாடாவால் கட்டிப்போட்டார்கள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பிபி ஏறும். பிபி மாத்திரையும் பைக்குள்ளேதான் இருந்தது.

நான் போனது இரண்டு கிலோ துவரம் பருப்புக்காக. நம்மூர் சூப்பர் மார்க்கெட்டைவிட அங்கே கிலோவுக்குப் பதினாறு ரூபாய் குறைவு என்று தகவல். பேரிகையிலிருந்து பாகலூர் வழியாக ஓசூர் போக 25 கிலோமீட்டருக்குக் குறையாது. வர அதே அளவு. பெட்ரோல் கணக்கை யாரும் இங்கே எழுப்ப வேண்டாம். தள்ளுபடிக் கடைக்குப் போகிற குடும்பங்களில் பெட்ரோல் வேறு இலாகா.

தள்ளுபடிக் கடையா, பழைய சூப்பர் மார்க்கெட்டா, எது உண்மையில் மலிவு என்று முப்பத்திரண்டு சாமான்களுக்கு விலைப்பட்டியல் தயார் செய்து வைத்திருக்கிறேன். அதை வரிசையாகச் சொல்லித் தீர்ப்பும் சொல்லிவிடுவதாகத்தான் உத்தேசம். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். பில்லின் கடைசி வரி.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொத்தத் தொகைக்குக் கீழே, மொத்தத் தொகையைவிடப் பெரிய எழுத்தில்: நீங்கள் சேமித்தது ரூ. 412.50.

இருபத்தெட்டு வருஷம் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்தேன். பி.எஃப். பிடித்தார்கள், எல்.ஐ.சி. கட்டினேன், சீட்டுப் போட்டு ஒரு சீட்டில் ஏமாந்தும் ஆயிற்று. எவரும் ஒருநாளும் 'நீ இவ்வளவு சேமித்திருக்கிறாய்' என்று என்னைப் பாராட்டியது கிடையாது. இங்கே 3,286 ரூபாயைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். சேமித்தாய் மகனே என்று முதுகில் தட்டுகிறது ஒரு துண்டுக் காகிதம். முதல் தடவை எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து பில்களைப் பத்திரப்படுத்தினேன். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று நிறைந்தது. மூன்று வருஷம் கழித்து ஒரு மழைநாளில் கொட்டிக் கூட்டலாமென்று உட்கார்ந்தால், பாதி பில் வெறும் வெள்ளைத் தாள். அந்தக் காகிதத்தில் மசியே கிடையாது. சூட்டில் கருக்கிற காகிதம், கொஞ்ச மாதத்தில் எழுத்து பறந்துவிடும். என் சேமிப்பில் பாதி அப்படிப் பறந்துவிட்டது. படிக்க முடிந்தவை முப்பத்தொன்று. மொத்தம் 12,640 ரூபாய்.

"எங்கங்க அது?" என்றாள் மனைவி.

"எது?"

"அந்தப் பன்னெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது."

"சேமிச்சாச்சு."

"எதுல?"

யோசித்துப் பார்த்தேன். பாஸ்புக் இல்லை. அஞ்சறைப்பெட்டியில் இல்லை. "வட்டி உண்டா? நாமினி யாரு? நானா, உங்க தங்கச்சியா?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். மூன்று வருஷமாகச் சேமித்தவன், ஒரு கேள்விக்கும் பதில் தெரியாமல் முழித்தேன்.

இதில் பொறாமை வேறு. பக்கத்துத் தோட்டத்தில் ரோஜா போட்டிருக்கிறவர் ஒரே பில்லில் 1,130 ரூபாய் சேமித்துவிட்டார். எப்படி என்று விசாரித்தேன். ஒன்பதாயிரத்துக்கு வாங்கினாராம். அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. அதிகம் சேமிக்க வேண்டுமா, அதிகம் செலவழி. தேவையில்லாததை வாங்கினால் இன்னும் உத்தமம், ஏனென்றால் தள்ளுபடி அதற்குத்தான் கூட. எதிர்வீட்டுத் தாத்தா வருஷம் முழுக்க ராகிக் களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டு கடைப்பக்கமே வராமல் இருக்கிறார். இந்தக் கணக்குப்படி அவர் சேமிப்பு பூஜ்யம். பச்சை ஊதாரி.

எதிலிருந்து கழித்து இந்த 412.50 வருகிறது? அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து. 1990 வாக்கில்தான், எல்லா வரியும் சேர்த்து இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று பாக்கெட்டில் ஒரே விலையை அச்சடிக்கச் சொல்லிச் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் 'உள்ளூர் வரிகள் தனி' என்று போட்டு, அந்தத் தனியைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. நம்மைப் போன்ற எல்லையோரத்து ஊர்க்காரன் ஏமாறாமல் இருக்க நல்ல மனதோடு கட்டிய கூரை அது. கூரையை உயரத் தூக்கிக் கட்டிவிட்டு, 'பார், உன் தலை இடிக்கவில்லை, எத்தனை அடி மிச்சம்!' என்று காட்டுவது அப்புறம் வந்த கெட்டிக்காரத்தனம்.

அப்படியே பார்த்தாலும், உண்மையான தள்ளுபடிக் கடை ரேஷன் கடை அல்லவா? துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் 25. அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். அங்கே பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது' என்று ஒரு வரி போடலாம். போட்டால் தொகையைப் பார்த்து மயக்கமே வரும். போடுவதில்லை. ஒரு கிலோ பருப்பைக் கொடுத்துவிட்டு, 'அடுத்த ஆள்' என்கிறார்கள். ஒருவனுக்குச் சேமித்த திருப்தி எங்கிருந்து வரும்? (நீங்கள் ரேஷன் பருப்பை விட்டுவிட்டு ஏன் ஓசூர் போனீர்கள் என்று கேட்பது தெரிகிறது. ஒரு கிலோ எத்தனை நாளைக்கு? அதுவும் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும்போது?)

எங்கே விட்டேன்? ஆம், விலைப்பட்டியல். வருகிறேன்.

தள்ளுவண்டியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? 1937இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மேன் என்கிற கடைக்காரர் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது யாரும் தொடவில்லையாம். கூடை தூக்கத் தெம்பில்லையா என்று ஆண்களுக்கு வெட்கம்; பிள்ளை வண்டி தள்ளியே சலித்துப்போச்சு என்று பெண்களுக்கு அலுப்பு. கடைசியில் கூலிக்கு ஆள் பிடித்துக் கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு உலாத்த வைத்தார். நம் ஜனங்களுக்கு அந்தச் செலவெல்லாம் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், வீட்டுக்கு இரண்டு வண்டி. ஒன்றில் சாமான், ஒன்றில் பேரன். அந்த வண்டி மாட்டுத்தொட்டி அளவுக்கு இருப்பதுதான் வம்பு. இரண்டு கிலோ பருப்பை அதில் போட்டால் அனாதையாகக் கிடக்கும், நமக்கே பாவமாக இருக்கும். துணைக்கு ஏதாவது போடத் தோன்றும். நான் போட்டேன். பாத்திரம் துலக்கும் சோப்பு, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஆறு. ராகி அவல் ஒரு பாக்கெட். சுற்றிலும் ராகி விளைகிற ஊரிலிருந்து போய், ராகியை டப்பாவில் வாங்கி வந்தவன் நான். தக்காளியும் எடுத்தேன். அது எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியாகவே இருக்கலாம். என்னைப் போலவே ஓசூர் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சபலம் புதிதில்லை. 1997இல் சென்னையில் ஆரம்பித்த சுபிக்ஷாவை ஞாபகம் இருக்கிறதா? ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, விலை மட்டும் குறைவு. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாடு முழுக்க 1,600 கடை. 2009இல் கையில் பணமில்லாமல் அத்தனையும் மூடியாயிற்று. அதற்கு நேர் எதிர்க் கோடியில் நீல்கிரிஸ்: 1905இல் நீலகிரி மலையில் வெண்ணெய் விற்கத் தொடங்கி, 1936இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்கு இறங்கியது. சிப்காட்டில் சேர்ந்த புதிதில் போனஸ் வாங்கிய கையோடு அங்கே போய் ஒரு கேக் வாங்கியிருக்கிறேன். ஏசி, மர அலமாரி, 'சார்' என்கிற மரியாதை எல்லாம் விலையிலேயே சேர்த்தி. என் பையை ஒருவரும் கட்டிப்போடவில்லை.

திரும்ப ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பில் போடுகிற பெண்ணிடம் நாடாவை வெட்டக் கத்தரி கேட்டேன். "கத்தரி வாசல்லதான் சார் இருக்கும். கவர் போடட்டுமா? பன்னெண்டு ரூபா." கையில் பை இருக்கப் பை வாங்கினேன். அதில் பச்சை எழுத்தில் 'பூமியைக் காப்போம்' என்று போட்டிருந்தது. வெளியே வருகிற இடத்தில் இன்னொரு காவலாளி பில்லை வாங்கி, வண்டியையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒரு கிறுக்குக் கிறுக்கினார். இத்தனை வயதுக்கு மேல், காசு கொடுத்து வாங்கிய சோப்புக்கு நான் திருடனில்லை என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் மனைவி அரிவாள்மணையில் வைத்து நாடாவை அறுத்தாள். லிஸ்ட்டை எடுத்தாள். முதல் வரியைப் படித்தாள். பிறகு கவரைப் பார்த்தாள். துவரம் பருப்பு இல்லை.

இனி நம்மூர்க் கடையைப் பற்றி. நேற்றுவரை மளிகைக் கடை. மூன்று இரும்பு அலமாரியும் ஒரு கம்ப்யூட்டரும் வந்ததும் சூப்பர் மார்க்கெட் ஆகிவிட்டது. கடைக்காரர் வாத்தியாரிடம் தமிழிலும், மாலூர்க்காரரிடம் கன்னடத்திலும், என்னிடம் தெலுங்கிலும் பேசுவார். கணக்கு மட்டும் எல்லோருக்கும் தெலுங்கில்தான். வெல்லம் வாங்கினால் ஒரு சின்னத் துண்டு கூடப் போடுவார். தமிழில் அது கொசுறு, தெலுங்கிலும் கன்னடத்திலும் கொசரு. மூன்று மொழிக்காரருக்கும் தகராறில்லாத ஒரே சமாச்சாரம். அதை எந்த பில்லிலும் அச்சடிப்பதில்லை. அவர் நோட்டில் என் பெயருக்கு நேரே இருப்பது ஒரே ஒரு எண்: பாக்கி.

அதற்காக அவரைத் தூக்கிவைத்துப் பேச எனக்கு உத்தேசமில்லை. தேதியைத் திருப்பிப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். நாலு பேர் நடுவில், "என்னண்ணா இந்த மாசம் எண்ணெய் கம்மி, அக்காவுக்குக் கொலஸ்ட்ராலா?" என்பார். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசி மூட்டைக்கு ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. என்றதும், வரியிலிருந்து தப்ப 26 கிலோ மூட்டை வந்ததே, அதை என் முதுகில்தான் ஏற்றிவிட்டார். "ஒரு கிலோதானேண்ணா கூட." அந்த ஒரு கிலோ இன்னும் இடுப்பில் இருக்கிறது.

நான் ஓசூர் போய்வருவது அவருக்குத் தெரியக் கூடாது என்று இருட்டிய பிறகுதான் சாமானை இறக்குவேன். ஆனால் ஊர்ப் பேரே பேரிகை. இங்கே எது மறைந்திருக்கிறது? அன்று ராத்திரி எட்டரை மணிக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய் அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டேன். அவர் நிறுத்தார், கட்டினார், நோட்டில் எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, "ஏமண்ணா, ஓசூருல பப்பு தொரக்கலேதா?" என்றார்.

விலைப்பட்டியலுக்கு இடமில்லாமல் போய்விட்டது. இன்னொரு சமயம் பார்க்கலாம். இப்போதைக்கு, பழைய இருப்பு ஐந்தையும் சேர்த்து வீட்டில் பாத்திரச் சோப்பு பதிமூன்று இருக்கிறது. பேரிகைப் பக்கம் வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போகலாம், காசு வேண்டாம். பை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள்.