இறக்கியல்: ஒரு சிற்றிலக்கணம்

ஓடிக்கொண்டிருக்கும் நல்ல காரொன்றைக் கைக்காசு செலவழித்து, மனமொப்பி, நிலத்துக்கு இரண்டு விரற்கடை கிட்டக் கொண்டுவருதல் இறக்குதல் எனப்படும். ரயரில் காற்றுப்போய்த் தாழ்தலும், மாமியார் வீட்டாரை ஏற்றித் தாழ்தலும் இதில் அடங்கா. அவற்றில் மனமொப்புதல் இல்லை. நூலின் எல்லை புளியந்தீவு: ஒரு பக்கம் பெரிய பாலம், மறுபக்கம் புதுப்பாலம், மிச்சமெல்லாம் வாவி.

முதனூல் செய்தவர் றொபேட் ஹூக். எவ்வளவு இழுபடுமோ அவ்வளவே விசை என்ற விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராக வெளியிட்டார். 1678இல்தான் அதை அவிழ்த்தார். பிறர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். தொழில் இரகசியத்தைச் சொல்லாமல் “நீங்க போய் ரீ குடிச்சிட்டு வாங்க” என்று ஆளை அனுப்பிவிடும் கராஜ் பாஸ்மாரின் மரபு இவரிலிருந்தே தொடங்குகிறது. வழிநூல் செய்யும் உரிமை நமக்கும் உண்டு. நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணக்கிட்டு 1947இல் யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகளின் சமாதி வாவிக்கு அக்கரையில் கல்லடியில்தான் இருக்கிறது. நரம்பைக் குறுக்கினால் சுருதி ஏறும், ஸ்பிரிங்கைக் குறுக்கினால் விறைப்பு ஏறும். இந்த இயலில் பாதி அவ்வளவுதான்.

இனி இறக்கப்படும் பொருள். புளியந்தீவில் வேகக்கார் என்பது சட்டென்று நூறைத் தொடும் கார் அன்று. தொடும் என்று சொந்தக்காரர் நம்பும் கார். தலையானது லான்சர் எவலூஷன். அதைப் பார்த்தவர் பலர், சாவி பிடித்தவர் சிலர். இடையானது ஹொண்டா சிவிக் ஈகே3. கடையானது லான்சர் சீகே2. சீகே2காரர் இந்த வரிசையை ஏற்கமாட்டார்கள். அவர்களுக்கென்று வேறு உரை உண்டு, அது இரவு பத்து மணிக்குப் பிறகு சொல்லப்படுவது. ஈகே3உம் சீகே2உம் தொண்ணூறுகளில் யப்பானில் பிறந்தவை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தபடியால், இடையில் கழிந்த ஆண்டுகளில் இந்தக் கிழங்களின் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. விலை ஏற ஏற உயரத்தை இறக்கினார்கள்.

திணை வகுக்கின், நிலம் நெய்தல். பொழுது ஞாயிறு காலை. கருப்பொருள் என்பன நிலத்தில் விரித்த அரிசிச் சாக்கு, டீசல் ஊற்றிய பால்மாப் பேணி, இரவல் வாங்கிய ஜக், ஜக்கை இரவல் தந்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நிற்கும் அயல்வீட்டு மச்சான். உரிப்பொருள் இரங்கல். நெய்தலுக்கு வேறு உரி விதிக்கப்படவில்லை.

இங்கே மாணாக்கர் ஒரு தடை எழுப்புவர். இறக்கிய ஸ்பிரிங்கின் பயன் வளைவிலன்றோ? பாரமையம் தாழ்ந்து, ஸ்பிரிங் விறைத்து, திரும்பும்போது உடல் சாய்வது குறையும் என்பதற்கல்லவா அது? கடல்மட்டத்தில் படுத்திருக்கும் இந்தத் தீவில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலத்தின் முதுகு மட்டும். ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றினால் திருப்பம் உண்டு, வேகம் இல்லை. மெய்யான வளைவு வேண்டின் மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவுக்குப் போகவேண்டும். அல்லது 1934 முதல் மலையேற்றக் கார்ப்போட்டி நடக்கும் நுவரெலியா மகாகஸ்தோட்டைக்கு. அப்படியிருக்க, வளைவில்லா ஊரில் வளைவுக்கான ஸ்பிரிங் எதற்கு?

விடை: பயன் இருவகை, ஓடுகையில் வருவதும் நிற்கையில் வருவதும். நிற்கையில் வருவது ரயருக்கும் மட்காட்டுக்கும் இடைப்பட்ட வெளியால் அளக்கப்படும். நாலு விரல் நுழைந்தால் அது அப்பாவின் கார். இரண்டு விரல் நுழைந்தால் மகனின் கார். விரலே நுழையாவிட்டால் இன்னும் தவணைக்காசு கட்டி முடியாத கார். புளியந்தீவில் பெரும்பான்மை நிற்கும் பயனே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பட்டு வேட்டியை வயல் உழவா கட்டுகிறோம்? ஆயினும் ஓடும் பயனைச் சொல்லி நிற்கும் பயனைக் கொள்வது இத்துறையின் மரபு. கூத்து வழக்கைக் கடன்பெற்று இறக்குவோரை வடமோடியார், தென்மோடியார் எனப் பகுக்கலாம். வடமோடியார் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டு, குழிதோறும் துள்ளி ஆடி, முள்ளந்தண்டில் தாளம் வாங்குவர். தென்மோடியார் மெல்ல ஓடுவர், பாட்டு மட்டும் உரக்க.

இறக்கும் நெறி மூன்று: அரிதல், காய்ச்சுதல், மாற்றுதல். காய்ச்சுதல் என்பது காரின்மேல் இருந்தபடியே ஸ்பிரிங்கைச் சுவாலையால் சூடேற்றி உட்காரவைப்பது. உருக்கின் பதம் கெட்டு அது எங்கே போய் நிற்கும் என்று சூடேற்றியவருக்கும் தெரியாது. இதை விலக்குக. அரிதல் அதைவிடக் கள்ளமானது, ஏனெனில் பார்வைக்கு வேலைசெய்யும். ஆறு சுற்றில் ஒன்றை அரிந்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும்; இது கணக்கு. கணக்கில் வராதது, அரிந்த முனை இருக்கையில் சரியாகப் படியாது என்பது. சில்லு ஒரு குழிக்குள் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். திரும்பி வரும்போது பழைய இடத்தில்தான் உட்காரவேண்டும் என்று அதற்கு ஒரு கடப்பாடும் இல்லை.

ஆகவே மாற்றுதலே சான்றோர் நெறி. ஜேர்மனியில் 1951இல் தொடங்கிய ஐபாக், யப்பானில் 1985இல் தொடங்கிய ரெயின் போன்றவர்கள் இதற்கென்றே கட்டையான, விறைப்புக் கூடிய ஸ்பிரிங் செய்கிறார்கள். நம்மிடம் வருவது பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையதாக வாங்கி, சாக்கில் கட்டி, இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டது. பச்சைப் பெயின்ற் அடித்ததெல்லாம் ரெயின் அன்று. நிறத்தை விட்டுக் கம்பியின் தடிப்பை அளந்து பார்க்கவேண்டும். விறைப்பு தடிப்பின் நான்காம் படியில் ஏறுவது. மற்றெல்லாம் ஒத்திருக்க 12 மில்லிமீற்றர் கம்பி 13 ஆனால் விறைப்பு 38 வீதம் கூடுகிறது. வலது பக்கத்தில் 12உம் இடது பக்கத்தில் 13உமாக ஒரு சோடி வந்தால், அது சோடி அன்று, இரண்டு அநாதைகள்.

செய்முறைக்கு வருவோம். சனி மாலையே தொடங்கவேண்டும், ஏனெனில் உப்புக்காற்று. சுற்றிலும் வாவியும் அதற்கப்பால் கடலும் இருக்க, இவ்வூர்க் காரின் அடியிலுள்ள நட்டுகள் திரும்புவதில்லை, முறிகின்றன. புரி தெரியும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டீசலில் தோய்த்த துணியைச் சுற்றி இரவு முழுக்க ஊறவிட்டால், காலையில் செம்மண் நிறத்தில் ஒரு சாறு வடிந்திருக்கும். அது நல்ல நிமித்தம்.

சில்லு நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே இளக்குக. ஜக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்குக் குதிரைக்கால் வேறு. ஜக்கை நம்பிக் கீழே நுழைபவரை இந்நூல் வகைப்படுத்த மறுக்கிறது. பிரேக் ஹோஸின் பிடியைக் கழற்று, சென்சர் வயரை ஒதுக்கு. லான்சரின் முன்பக்கம் மக்பெர்சன் தூண் ஆகையால், கீழ் போல்ட்டுகளைக் கழற்றுமுன் அவை நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்துக்கொள்க. ஈகே3 நான்கு சில்லிலும் இரட்டைக் கை உடையது. அங்கே முன் சொக்கின் அடி ஒரு கவையில் புகுந்து நிற்கும். இந்தக் கவையைப் பிரிக்கும்போதுதான் அயல்வீட்டு மச்சானுக்கு வேறு வேலை இருப்பது நினைவுக்கு வரும்.

அடுத்து ஸ்பிரிங்கை அமுக்கல். இந்த ஓரிடத்தில் மட்டும் நகைச்சுவை இல்லை. மில்லிமீற்றருக்கு 3 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங்கை 100 மில்லிமீற்றர் அமுக்கினால் உள்ளே 300 கிலோ காத்திருக்கிறது. அமுக்கியின் இரண்டு கொளுக்கியையும் எதிரெதிரே போட்டு, இந்தப் பக்கம் சில திருகு, அந்தப் பக்கம் அதே அளவு திருகு என்று மாறிமாறி இறுக்கவேண்டும். முகத்தை ஸ்பிரிங்கின் நேருக்குக் கொண்டுபோகாதே, முனையை ஆள் இருக்கும் பக்கம் நீட்டாதே. மேல் இருக்கை தளர்ந்து கையால் ஆடும்வரை நடு நட்டைத் தொடாதே. அந்த நட்டும் தன் பங்குக்கு ஒரு குறும்பு செய்யும்: அதைத் திருப்பினால் சொக்கின் தண்டும் சேர்ந்தே சுற்றும். தண்டின் தலையிலுள்ள அறுகோணக் குழிக்குள் சாவியைச் செருகிப் பிடித்துக்கொண்டு, வளைந்த ஸ்பானரால் நட்டை மட்டும் திருப்பவேண்டும். குழி மழுங்கியிருந்தால் முன்பு யாரோ இதே ஞாயிறு வேலையைச் செய்திருக்கிறார் என்று அறிக.

மாற்றும்போது பலர் மறப்பது முட்டுறப்பர். கார் 35 மில்லிமீற்றர் இறங்கினால் சில்லு மேலேறும் ஓட்டத்தில் அந்த 35 போய்விட்டது. மிச்சத்தில் அந்த றப்பர் நிறைந்து நின்றால், நீங்கள் ஓடுவது ஸ்பிரிங்கில் அன்று, றப்பரில். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் அதை வெட்டலாம். எல்லாரும் மறப்பது புஷ். கைகளின் போல்ட்டுகளைச் சில்லு தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கார் நிலத்தில் இறங்கும்போது புஷ்ஷின் றப்பர் முறுகி நிற்கும். சில மாதத்தில் கிழியும். காரைச் சில்லில் இறக்கி, ஒருதரம் முன்பின் உருட்டி, அதன் சொந்தப் பாரத்தில் நின்றபின் இறுக்குவதே முறை. அதற்குக் கீழே கை போகாது என்பார்கள். கையைப் பற்றி இறக்குமுன் யோசித்திருக்கவேண்டும்.

இறக்கியபின் எழும் ஒலிகள் நான்கு. டொக் என்பது மேல் நட்டு இறுகாமை. ஸ்டியரிங் வெட்டும்போது டிங் என்பது ஸ்பிரிங்கின் முனை இருக்கையில் படியாமை. சர் என்பது ரயர் உள்மூடியை நக்குதல். கற்ற்ற் என்பதற்கு உரை தேவையில்லை, வேகத்தடை தெரியும். வாவியில் பாடும் மீனைக் கேட்கத் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைப்பது இவ்வூர் முறை. பாஸ்மார் நீண்ட ஸ்க்ரூட்றைவரின் நுனியைச் சந்தேகப்பட்ட இடத்திலும் பிடியைக் காதிலும் வைத்து அதே முறையைக் காருக்கும் நீட்டியிருக்கிறார்கள். சத்தம் போடாமல் கெடுப்பது ஒன்று உண்டு: சில்லின் கோணம். அலைன்மென்ட் பார்க்காமல் ஓடினால் ரயரின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேயும். வெளிவிளிம்பில் பூ அப்படியே இருக்கும்.

காண்போரில் அப்பா, பொலிஸ், ஓட்டோக்காரர் ஆகிய மூவரையும் விட்டுவிடலாம், அவர்கள் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றே. சிறப்பு விதி பெரியவர்களுக்கு. மதகடியில் இருப்பவர் காரைச் சுற்றி ஒருதரம் நடந்து, குனிந்து பார்த்து,

“என்ன மனே, ஸ்பிரிங் முறிஞ்சு பெய்த்தா?”

“இல்ல பெரியப்பா, இது இறக்கினது.”

“காசு குடுத்தா?”

இதற்கு விடை எந்த நூலிலும் இல்லை.

புறனடையாகச் சொல்லவேண்டியவை இரண்டு. மாரியில் தெருவில் வெள்ளம் நிற்கும்போது இக்கார்கள் வெளியே எடுக்கப்படுவதில்லை. கார்த்திகை முதல் தை வரை அவை நிற்கும் பயனை மட்டுமே தரும். இரண்டாவது, கழற்றிய பழைய ஸ்பிரிங் பற்றியது. அதை இரும்புக்குப் போடுதல், கட்டிலுக்கடியில் வைத்தல் என இருவகை. முதல்வகையார் கார் விற்கும் நாளில் அயலூரெல்லாம் அலைந்து அதே ஸ்பிரிங்கைத் தேடுவர். இரண்டாம் வகையார் விளம்பரத்தில் கடைசி வரியாக “கம்பனி ஸ்பிரிங்கும் தரப்படும்” என்று போட்டு, அதற்கும் ஒரு விலை கேட்பர்.