பூம்புகார், வெர்ஷன் 0.3

பெங்களூருக்கு வந்தவனுக்குக் கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு சைடு ப்ராஜெக்ட் தொற்றிக்கொள்ளும். சிலருக்கு பாட்காஸ்ட், சிலருக்கு மாடியில் காளான் வளர்ப்பு. எனக்கு வீடியோ கேம். பகலில் ஐ.டி. கம்பெனி வேலை, ராத்திரியில் பூம்புகார். துறைமுகத்தைக் கடல் கொள்வதற்குள் ஆடுபவர் காப்பாற்ற வேண்டும் என்பது கதை. கடலுக்கு வேலையே வைக்காமல் நானே அதைக் கவிழ்த்துவிட்டேன்.

தைரியம் கொடுத்தது இந்த ஊர்தான். இயக்குநர் பவன் குமார், ரசிகர்களிடமே பணம் திரட்டி எடுத்த ‘லூசியா’ கன்னடப் படம் 2013-ல் வெளிவந்து ஓடியது. அதே வருடம் பைரோடாக்டைல் என்ற இந்திய கேம் நிறுவனம், பழங்கால இந்தியாவில் நடக்கும் ‘அன்ரெஸ்ட்’ கேமுக்காக கிக்ஸ்டார்ட்டரில் 3,000 டாலர் கேட்டது. 36,000-க்கு மேல் வந்து விழுந்தது. அடுத்த வருடமே கேமும் வெளிவந்தது. இதில் பணம் வந்த வரை மட்டும் எனக்கு மனப்பாடம்.

கிக்ஸ்டார்ட்டரில் இந்திய வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு ப்ராஜெக்ட் தொடங்க முடியாது என்பது, லோகோ எல்லாம் வரைந்து முடித்த பிறகுதான் தெரிந்தது. வேறு வழி? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் ஜிபே நம்பரைப் போட்டேன். புதுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். கறிச்சோறு மட்டும் கிடையாது.

ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் கிரெடிட்ஸில் பெயர். இரண்டாயிரம் கொடுத்தால் உங்கள் முகத்தோடு ஒரு பாத்திரம். பெரியப்பா, ராஜா வேஷம் என்றால்தான் பணம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வசூல் சூடு பிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தால் கன்னட டப்பிங், கடற்போர், புயல் மழை, நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் வசதி என்று அறிவித்துக்கொண்டே போனேன். அந்தச் சமயத்தில் என் கதாநாயகனுக்கு இடது பக்கம் திரும்பத் தெரியாது.

நீல் ஸ்டீஃபன்சன் என்று ஒரு அமெரிக்க நாவலாசிரியர். 2012-ல் ‘க்ளாங்’ என்ற வாள்சண்டை கேமுக்காக 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். 2014-ல் கைவிட்டதாக அறிவித்தார். வரலாற்றுத் துல்லியத்தில் காட்டிய அக்கறையை சுவாரஸ்யத்தில் காட்டாமல் விட்டேன் போல, என்று அவரே எழுதினார். படித்ததும் கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது. ஏனென்றால் நானும் பழைய மரக்கலங்களின் பாயைப் பற்றி வாரக்கணக்கில் படித்து, இழை இழையாக ஒரு பாய் வரைந்தேன். அருமையாக வந்தது. கப்பல்தான் இல்லை.

2023 செப்டம்பரில் யூனிட்டி கம்பெனி, தன் எஞ்சினில் செய்த கேம்களுக்கு இன்ஸ்டால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்தது. உலகமே கொதித்தது. நானும் கொதித்து, இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு கோடாட் எஞ்சினுக்குக் குடிபெயர்ந்தேன். வருடத்துக்கு 2 லட்சம் டாலர் வருமானமும் மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டாலும் தாண்டிய பிறகுதான் சின்ன ஆட்களுக்கு அந்தக் கட்டணம் என்பதைப் பிறகு நிதானமாகப் படித்தேன். என் கேம் இருந்தது என் போனிலும் மனைவியின் போனிலும். அவள் இடம் பத்தவில்லை என்று அழித்துவிட்டிருந்தாள். 2024-ல் யூனிட்டியும் கட்டணத்தைக் கைவிட்டது. அதற்குள் என் கதாநாயகன் வலது பக்கம் திரும்புவதையும் மறந்திருந்தான்.

பர்ன்அவுட் என்றால் மேஜையைத் தள்ளிவிட்டு எழுந்து போய், இமயமலையில் டீ குடிப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது ரொம்ப சாதாரண ரகம். லேப்டாப்பைத் திறப்பேன். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவேன். மூடுவேன். செட்டிங்ஸ் பக்கம் தீபாவளிக் கடை மாதிரி ஜொலித்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பட்டை இருந்தது, சத்தம் இல்லை. உங்கள் வீட்டு லாஃப்டிலும் பாதியில் நின்ற கிடாரோ கீபோர்டோ இருக்கும். ஆனால் அதை வாங்க உங்கள் சித்தி காசு கொடுத்திருக்கமாட்டார்.

வேலையைவிட ஆளைத் தின்றது, பணம் கொடுத்தவர்களுக்குக் குழுவில் போட வேண்டிய மாதாந்திர அப்டேட்தான். ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் இரண்டு மாத வேலையைக் காட்ட வேண்டும். அதுவும் தவறினால் நல்ல காரணம் காட்ட வேண்டும். போகப்போக கேம் எழுதுவதைவிடக் காரணம் எழுதுவதில்தான் மெருகு கூடியது. மீட்டிங், டெங்கு, கரன்ட் கட், சில்க் போர்டு ட்ராஃபிக். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் என்பது சித்திக்குத் தெரிந்த அன்று சில்க் போர்டும் கையை விட்டுப் போனது.

தெம்புக்கு ‘ராஜி’ என்ற கேமின் கதையைப் பிடித்துக்கொண்டேன். புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழுவுக்கு கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகை சேரவில்லை. நிறுவனர்களில் ஒருவர் வீட்டை விற்றார். 2020-ல் கேம் வந்தேவிட்டது. இதை மனைவியிடம் உணர்ச்சி பொங்கச் சொன்னேன். “விக்கலாமே, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்துடலாம்” என்றாள். எங்களுடையது பதினொரு மாத அக்ரிமென்ட்.

‘ஹாலோ நைட்’ செய்த அடிலெய்டுக்காரர்கள்கூட, 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில் வாக்களித்த கூடுதல் பகுதியை ‘சில்க்சாங்’ என்ற தனி கேமாக 2025 செப்டம்பரில்தானே தந்தார்கள், தாமதம் என்பது கலைஞனின் லட்சணம் என்றும் வாதாடிப் பார்த்தேன். அவர்கள் நடுவில் முதல் கேமை முடித்திருந்தார்கள் என்று ஒரு நண்பன் ஞாபகப்படுத்தினான். ஆறுதலுக்கு அவனே ஒரு ஆய்வையும் அனுப்பினான். வார்ட்டன் பேராசிரியர் ஈதன் மாலிக் 2015-ல் வெளியிட்டது. கிக்ஸ்டார்ட்டரில் பணம் சேர்ந்த ப்ராஜெக்ட்டுகளில் சுமார் 9 சதவீதம் சொன்னதைத் தராமல் போகின்றனவாம். மீதி 91 எப்படியோ தந்துவிடுகின்றன என்று அதற்கு அர்த்தம். என்னுடையது கிக்ஸ்டார்ட்டரும் இல்லை என்பதால் அந்த ஒன்பதிலும் எனக்கு இடமில்லை.

கடைசியில், இதோடு மூட்டை கட்டுகிறேன், வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று குழுவில் எழுதினேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. பாதிப்பேருக்குப் பணம் கொடுத்ததே ஞாபகமில்லை. சித்தி மட்டும் அன்றே அக்கவுன்ட் நம்பர் அனுப்பினார்.

பெரியப்பா போன் செய்தார். “பணம் கெடக்குதுடா தம்பி, விடு. அந்த ராஜா படம் வரைஞ்சியா இல்லையா?” வரைந்திருந்தேன். கிரெடிட்ஸையும் செட்டிங்ஸையும் விட்டால் முழுதாக முடிந்தது அது ஒன்றுதான். அனுப்பினேன். கிரீடமும் முத்துமாலையுமாக அன்று மாலையே அவருடைய டிபி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் சித்தப்பா கூப்பிட்டார். அவரும் இரண்டாயிரம் கொடுத்தவர்தானாம், அண்ணனுக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு என்றார். அவருக்கும் ராஜா வேஷம் வேண்டும். மீசை மட்டும் பெரியப்பாவுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.