ஆட்டுக்குப் புதினா, பன்றிக்கு ஆப்பிள்

லீட்ஸ்,
நவம்பர், ஞாயிறு இரவு.

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நான் நல்ல சுகம். பெரியப்பாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் இங்கே வந்து இருக்கலாம் என்று அவர் சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே முட்டு இருப்பதே மார்ச் மாதத்தில்தான் தெரியவரும்.

போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஞாயித்துக்கிழமை அவங்க கறியச் சுட்டுத் தின்னுவாங்களாமே, கூட என்ன காய் வைப்பாங்க?" போனில் பதில் சொன்னால் கட்டுப்படியாகாது என்றுதான் கடிதம் எழுதுகிறேன். பெரியம்மா, இந்த ஊர்க்காரர்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். சாமியைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். ரோஸ்டுக்கு என்ன காய் என்று கேட்டால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். போன வாரம் நைட் டூட்டியில், டீ குடிக்கும் அறையில், நான் வாய் தவறி இதைக் கேட்டுவிட்டேன். லண்டன்காரி ஒருத்தி, வேல்ஸ்காரி ஒருத்தி, இந்த யார்க்‌ஷயர் மண்ணிலேயே பிறந்த சிஸ்டர் ஒருத்தர். காலிஃபிளவரை வெள்ளைச் சாஸிலும் சீஸிலும் முக்கி ஓவனில் வைத்து எடுப்பார்களே, அதை ரோஸ்டோடு வைக்கலாமா கூடாதா என்று தொடங்கியது. டீ ஆறி, ஆடை கட்டி, பெல் அடித்த பிறகுதான் ஓய்ந்தது. கறியைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தட்டின் கணக்கு இதுதான். கறி, ஓவனில் வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு பச்சைக் காய், மண்ணுக்கடியில் விளைந்த ஒரு காய், எல்லாவற்றின் மேலும் ஊற்ற கிரேவி. உருளை காய்க் கணக்கில் வராது. அது இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் ஒவ்வொரு கறிக்கும் அதற்கென்று ஒரு கூட்டாளி உண்டு. மாட்டுக்கறிக்கு யார்க்‌ஷயர் புட்டிங்கும் ஹார்ஸ்ராடிஷ் என்கிற ஒரு வேரைத் துருவிச் செய்த சாஸும். (அதன் காரம் நாக்கில் நிற்காது, மூக்கைத் துளைத்துக்கொண்டு நேரே மூளைக்குப் போகும். ஜலதோஷத்துக்கு நல்லது.) ஆட்டுக்குப் புதினாவைப் பொடியாக அரிந்து வினிகரும் சர்க்கரையும் சேர்த்த சாஸ். பன்றிக்கு ஆப்பிள் மசியல். கோழிக்கு, நம்ப மாட்டீர்கள், பாலில் வெங்காயமும் கிராம்பும் போட்டுக் காய்ச்சி, அதில் ரொட்டித் தூளைக் கொட்டிக் கிண்டிய சாஸ். கிராம்பைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. வாயில் வைத்ததும் போய்விட்டது.

இந்த ஜோடிகளை மாற்றக் கூடாது. சட்டப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் மாட்டுக்கறிக்குப் புதினா சாஸ் கேட்டுப் பாருங்கள், கேட்டவரை யாரும் திட்ட மாட்டார்கள். "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வுக்குத் திட்டே தேவலை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பது வயது தாண்டியவர், தனியாகப் படியேறுகிறார், தோட்டத்தைத் தாத்தாவிடம் விட்டிருக்கிறார். டூட்டி இல்லாத ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். அவர் சர்ச்சுக்குப் புறப்படும் முன்னே கறியை ஓவனில் வைத்துவிடுவார், ஆராதனை முடிந்து வரும்போது வீடே மணக்கும். நீங்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன்னே மசாலா அரைத்து மூடி வைப்பது போலத்தான். பிரசங்கம் நீண்டால் இங்கே கறி கருகும். போதகர்கள் சுருக்கமாகப் பேசுவதற்கு இதுதான் காரணம் என்பது என் ஆராய்ச்சி.

யார்க்‌ஷயர் புட்டிங் என்றால் இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மைதா, முட்டை, பால் கரைத்த மாவு. கிண்ணக்குழியில் மாட்டுக் கொழுப்பைப் புகை வரக் காய்ச்சி, அதில் ஊற்றி ஓவனில் தள்ளினால் ஓரங்கள் எழும்பி, நடுவில் பள்ளம் விழுந்து வரும். பள்ளம் கிரேவிக்கு. அந்தக் காலத்தில் கம்பியில் கோத்த கறி நெருப்பின் முன்னே சுழலும்போது சொட்டும் கொழுப்பைப் பிடிக்க இந்த மாவை அடியில் வைப்பார்களாம். ஹன்னா கிளாஸ் என்ற அம்மா 1747இல் எழுதிய சமையல் புத்தகத்தில் இதே பெயரோடு செய்முறை இருக்கிறது. வேகும்போது ஓவன் கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் அமுங்கிவிடும். பாட்டி கண்ணாடி வழியே குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அப்போது அவரிடம் பேசினால் பதில் வராது. 2008இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்கிற விஞ்ஞானிகள் சங்கமே, நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் அது யார்க்‌ஷயர் புட்டிங் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பாட்டிக்கு அந்தச் சங்கத்தின் மேல் மரியாதை கிடையாது. "இதைச் சொல்ல அவர்கள் எதற்கு?" என்கிறார்.

அவர் வீட்டில் புட்டிங் கறியோடு வராது. முதலில் புட்டிங்கும் கிரேவியும் மட்டும் வரும். அதில் பாதி வயிறு நிறைந்த பிறகுதான் கறி. இது யார்க்‌ஷயரின் பழைய வழக்கம், கறி கொஞ்சமாக இருந்த வீடுகளின் தந்திரம். யுத்தம் முடிந்தும் இந்த நாட்டில் கறிக்கு ரேஷன் 1954 ஜூலை வரை இருந்தது. பாட்டி அப்போது சின்னப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டில் கறி ஒரு ஓரமாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகுமாம். வயிற்றை நிரப்பியது புட்டிங்கும் உருளையும் கோசும். இதைக் கேட்ட பிறகுதான் டீ அறைச் சண்டை எனக்குப் புரிந்தது. கறி பேருக்கு வந்த விருந்தாளி. வீட்டை நடத்தியதெல்லாம் கூட வந்தவர்கள்தான். அவர்களை இடம் மாற்றினால் கோபம் வராதா?

உருளைக்கு வருகிறேன். மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட் என்ற ரகம்தான் வேண்டும். அரைவேக்காடாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, பாத்திரத்தை மூடிக் குலுக்க வேண்டும். ஓரமெல்லாம் பொருபொருவென்று உடையும். அதைக் கொதிக்கும் கொழுப்பில் போட்டு ஓவனில் வைத்தால், மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. நான் இந்த நாட்டில் எதற்கும் எழுந்து நின்று மரியாதை செய்ததில்லை, இதற்குச் செய்வேன். ஒரு எச்சரிக்கை: அந்தக் கொழுப்பு மாட்டுடையது, இல்லாவிட்டால் வாத்துடையது. நம் ஊர்ச் சைவக்காரர்கள் யாராவது இங்கே வந்தால் முதலில் கேட்க வேண்டியது உருளையைப் பற்றித்தான். கறி என்னவென்று பார்த்தாலே தெரியும்.

பார்ஸ்னிப் என்று ஒன்று, வெளுத்துப்போன கேரட் மாதிரி கிடக்கும். உறைபனி பட்ட பிறகுதான் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிக்குமாம், அதனால் முதல் பனி விழாமல் தாத்தா மண்வெட்டியைத் தொட மாட்டார். பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட் என்பது குட்டிக் கோசு. நவம்பரிலேயே அடுப்பில் ஏற்றினால்தான் கிறிஸ்துமஸுக்கு வேகும் என்று பழைய தலைமுறைப் பெண்களைக் கேலி செய்வார்கள். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. 1861இல் வந்த பீட்டன் அம்மையாரின் புத்தகம், பெரிய கேரட்டை ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டே கால் மணி நேரம் வரை வேகவைக்கச் சொல்கிறது! அந்தக் கேரட் என்ன பாவம் செய்ததோ. ஸ்ப்ரௌட்டின் கசப்புக்குக் காரணமான பொருள்களை 1990களில் டச்சு விதைக்காரர்கள் கண்டுபிடித்துக் குறைத்துவிட்டார்கள். பாட்டிக்கு அதில் வருத்தம். "இப்போதைய ஸ்ப்ரௌட்டுக்கு முதுகெலும்பே இல்லை" என்கிறார்.

பட்டாணிதான் அந்த வீட்டின் எல்லைத் தகராறு. தாத்தாவுக்கு வேண்டும், பாட்டிக்கு அது மீனோடு சேர வேண்டியது. ஒரு கிண்ணத்தில் தாத்தாவின் முன்னால் மட்டும் வைப்பார், அந்தப் பக்கமே பார்க்காமல். நான் பாட்டி கட்சி. முள்கரண்டிக்குப் பயந்து தட்டெல்லாம் ஓடுகிற காயை என்ன செய்வது? காலிஃபிளவர் சீஸுக்கு என் தீர்ப்பு: வரலாம், தனிக் கிண்ணத்தில். கிரேவியும் சீஸும் ஒன்றாகப் பாய்ந்து கலப்பதை என் கண்ணால் பார்க்க முடியவில்லை. கிரேவியைக் கறிச்சாற்றில் மட்டுமே செய்வதாகப் பாட்டி சொல்வார். 1908 முதல் விற்கிற பிஸ்டோ தூள் டப்பா ஒன்று அலமாரியில் மாவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமைக்கு மிச்சக் கோசையும் உருளையையும் பிசைந்து வாணலியில் பொரிப்பார்கள். அது ஞாயிற்றுக்கிழமையைவிட ருசி. பாட்டியிடம் சொல்ல முடியாது.

இப்போது எனக்கு உங்கள் உதவி வேண்டும். வரும் ஞாயிறு ஆட்டுத் தொடை. என்னையும் ஏதாவது ஒன்று செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார், இது பெரிய கௌரவம். யோசித்துப் பார்த்தேன். ஆட்டுக்குப் புதினா என்பதுதானே இவர்கள் சட்டம்? உங்கள் புதினாத் துவையலைச் சட்டப்படியே உள்ளே கொண்டுபோய்விடலாம். புளி இருப்பதால் வினிகர் வேண்டாம், சரிதானே? தேங்காய் வைக்கலாமா? உளுந்தா, கடலைப்பருப்பா? எனக்கும் தங்கச்சிக்கும் இதில் சண்டை. நீங்கள் எட்டு மிளகாய் போடுவீர்கள், மிளகே காரம் என்கிற பாட்டிக்கு எத்தனை? வெள்ளிக்கிழமைக்குள் தங்கச்சியின் வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்.

பி.கு.: ஆட்டுத் தொடையை இவர்கள் நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுவார்கள். பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம். ராத்திரி குடும்ப ஜெபத்தில் என் பெயரோடு அந்த ஆட்டையும் சேர்த்துவிடுவார்.