காத்து எந்தப் பக்கம், தம்பி?

உம்பாயில் ஒரு சுவர் வெள்ளையாக இருப்பது பெயின்ட் அடித்த பிறகு வரும் முதல் மழைக்காலம் வரைதான். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று, வெயில், சொல்லாமல் வரும் மழை, போதாததற்குச் சாயங்காலமானால் ஈக்கான் பக்கார் கடைகளிலிருந்து கிளம்பும் புகை. இத்தனையையும் வாங்கிக்கொள்ளும் சுவர் மெல்லப் பச்சையாகி, பிறகு கறுத்து, நிழல் விழும் பக்கம் மட்டும் செங்காவிக்கு வந்துவிடும். அந்தச் செங்காவியால் எங்கள் தாமானில் ஒரு மனஸ்தாபமே உண்டு. கோடி வீட்டு மாமா வெற்றிலை போடுகிறவர். போகிற போக்கில் அவர்தான் துப்பிவிட்டுப் போகிறார் என்று அம்மா பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஏழடி உயரத்தில் எப்படித் துப்புவார் என்று கேட்டால், "வாலிப வயசுல வாலிபால் ஆடுனவருடா" என்பார்.

அது திரெண்டிபோலியா என்கிற பாசி. சாதியில் பச்சைப்பாசிதான், ஆனால் காரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டின் அதன் உடம்பிலும் இருப்பதால் ஆரஞ்சாகத் தெரியும். சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் இது சகஜம். சிங்கப்பூர்க் கட்டடங்களிலும் பார்க்கலாம். இதை விளக்கிச் சொன்னதும் அம்மாவுக்கு மாமா மேலிருந்த சந்தேகம் குறைந்தது. தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

இந்தப் பாசியை நம்பித்தான் என் மச்சான் தொழிலில் இறங்கினார். ஃபேக்டரியில் வி.எஸ்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், வந்த பணத்தில் ஒரு வாட்டர் ஜெட் வாங்கினார். தீபாவளிக்கு முன்னால் தாமான் தாமானாகப் போய் வீடு கழுவித் தருவது என்று திட்டம். முதலீடு அவருடையது, முதுகு என்னுடையது.

பெட்டியில் 130 பார் என்று போட்டிருந்தது. வீட்டுக் குழாயில் வருவது இரண்டு மூன்று பார். கார் டயருக்குள் அடைபட்டிருப்பதே சுமார் இரண்டுதான். கூடவே ஐந்து நிறத்தில் ஐந்து நாஸில். கறுப்பு, சோப்புத் தண்ணீருக்கு. வெள்ளை, 40 டிகிரி விசிறியாக விரியும். பச்சை 25, மஞ்சள் 15. சிவப்பு விரியவே விரியாது. பூஜ்ஜியம் டிகிரி. 130 பாரும் ஒரே புள்ளியில் போய் இறங்கும். வீட்டுச் சுவருக்கு வெள்ளையும் பச்சையும் போதும் என்று கையேட்டில் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஐந்தையும் பரப்பி வைத்தால் ஆண்பிள்ளைகள் கை எதற்குப் போகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

முதல் வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர். கார் போர்ச்சைக் கழுவித் தரச் சொன்னார். மச்சான் சிவப்பை மாட்டி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, கோலம் போடுகிற மாதிரி இழுத்தார். கறுப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள். தெருப்பிள்ளைகள் கைதட்டினார்கள். வேலை முடிந்து காய்ந்த பிறகுதான் தெரிந்தது, சுத்தமான இடத்தில் சிமெண்டும் இல்லை. மேல் பூச்சு போய், உள்ளே இருந்த பொடிக்கல் எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கிரிப்பு நல்லா இருக்கும் சார், மழைல வழுக்காது" என்றார் மச்சான்.

"நான் போர்ச்சு கேட்டேன் தம்பி, நீங்க ஆத்தங்கரை குடுத்திருக்கீங்க" என்றார் ஆசிரியர். இலக்கணப்படி சரியாகத்தான் சொன்னார்.

மச்சான் அதற்கெல்லாம் சோர்கிறவர் இல்லை. அமெரிக்காவில் ரஷ்மோர் மலையில் நாலு அதிபர் முகத்தையும் 2005-இல் கார்ச்சர் கம்பெனிக்காரர்கள் இப்படித்தான் கழுவினார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார். உண்மைதான். ஆனால் அவர்கள் கழுவியது கருங்கல்லை, ஊற்றியது வெந்நீரை. ஒரு நாள் மலாக்கா டவுனுக்குப் போனபோது சாந்தியாகோ வாசல் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். கல்லெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அவர் விரல் தானாகத் துப்பாக்கி விசையைத் தேடியதை நான் கண்ணால் பார்த்தேன். 1511-இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. டச்சுக்காரர்கள் பீரங்கி வைத்து அடித்தும், 1807-இல் பிரிட்டிஷ்காரன் வெடிவைத்துத் தகர்த்தும் மிச்சம் நின்ற வாசல். மச்சானுக்குத் தப்பவேண்டுமே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த மெஷினில் சிரிக்க முடியாத ஒன்று உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான், ரத்தம்கூட வராது. உள்ளே தண்ணீரும் அழுக்கும் மருந்தும் சதை நெடுகப் பரவியிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தால் விரலே போகலாம். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், வாட்டர் ஜெட் பட்டது என்று வாய் திறந்து சொல்லவும் வேண்டும். இதைப் படித்துக் காட்டிய பிறகும் மச்சான் ஜப்பான் சிலிப்பரோடுதான் வேலைக்கு வந்தார். பூட்ஸ் போடவைத்தது என் அறிவுரை இல்லை, அவர் சிலிப்பரின் முன்பக்கம் ஒரு நாள் காணாமல் போனது. நல்லவேளையாகச் சிலிப்பர் கால் அளவைவிடப் பெரிசு.

எங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்த நாளில் இரண்டு எதிர்ப்புகள் வந்தன. ஈரத்தில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரால் இ.எல்.சி.பி. விழுந்து, வீடு முழுக்கக் கரண்ட் போய், அஸ்ட்ரோ வானவில்லில் ஓடிக்கொண்டிருந்த நாடகம் பாதியில் நின்றது ஒன்று. இ.எல்.சி.பி. விழாமல் இருந்திருந்தால் மச்சான் விழுந்திருப்பார் என்று எவ்வளவோ சொல்லியும் அம்மா சமாதானமாகவில்லை. மற்றது தண்ணீர். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்காவே தண்ணீர் லோரிக்குப் பின்னால் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, தரையில் தண்ணீரை வீசி விளையாடுவது பொறுக்காது. சாதாரண ரப்பர் குழாயைவிட இதில் தண்ணீர் குறைச்சலாகத்தான் செலவாகும், கணக்கு அப்படித்தான். அம்மாவுக்குக் கணக்கு வேண்டாம், சத்தமே போதும்.

ஆனால் இந்தத் தொழிலை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது கடைசியில் அம்மாதான்.

எப்படி என்றால், வெறும் தண்ணீரால் அடித்த சுவரெல்லாம் சீக்கிரமே மறுபடி பச்சை பிடித்தது. பாசியைச் சுரண்டினால் போதாது, கொல்லவேண்டும். அதற்கு குளோராக்ஸ். தண்ணீர் விட்டு, ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் பாத்திரச் சோப்புச் சேர்த்து, கைப்பம்பால் கீழேயிருந்து மேலாக அடிக்கவேண்டும். மேலேயிருந்து அடித்தால் மருந்து வழிந்து வரி விழும். அப்புறம் காயவிடாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்து, மேலிருந்து கீழாக மெதுவாக அலசிவிடவேண்டும். வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். மச்சானுக்கு அது மானப் பிரச்சினை. சத்தம் கேட்காவிட்டால் வாடிக்கையாளர் காசு தரமாட்டார் என்று, அந்தப் பதினைந்து நிமிஷமும் தன் வேன் டயரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். உம்பாயில் அவ்வளவு சுத்தமான டயர் வேறெந்த வண்டிக்கும் கிடையாது.

ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரும்பு கிரில்லுக்குக் கீழே துருக்கறை போகவில்லை. குளோராக்ஸ் ஒரு பக்கம் இருக்கிறது, டாய்லட் கழுவும் ஆசிட் ஒரு பக்கம் இருக்கிறது. புளியும் தக்காளியும் சேர்ந்தால்தானே ரசம் என்கிற நியாயத்தில், இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றப் போனார்.

அம்மா அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, அத கீழ வைங்க" என்றார். சத்தம் போடவில்லை. மச்சான் வைத்துவிட்டார்.

1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்பர் பக்கம் ஜெர்மானியப் படை திறந்துவிட்ட வாயு குளோரின். குளோராக்ஸும் ஆசிட்டும் சேர்ந்தால் கிளம்புவதும் அதேதான். காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதைத் திறந்துவிட ஜெர்மானியர்கள் காற்று எதிரி பக்கம் வீசுகிறவரை காத்துக் கிடந்தார்கள். மச்சானுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது.

அம்மாவுக்கு ஈப்பர் தெரியாது, ரப்பர் தோட்டத்து ஸ்டோர் தெரியும். "பால் உறையாம இருக்க அமோனியா, உறைய வைக்க ஆசிட்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா கிராணி பேயாட்டம் ஆடுவாரு" என்றார். அமோனியாவோடு குளோராக்ஸ் சேர்ந்தாலும் விஷவாயுதான். கண்ணாடி துடைக்கிற சில திரவங்களில் அமோனியா இருக்கிறது.

அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் மருந்தடித்தவர். முதுகில் பம்பு, அதற்குள் பாராகுவாட். நீலமாக இருக்கும், குமட்டுகிற வாடை. தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாதென்று கம்பெனியே சேர்த்த நிறமும் நாற்றமும். மூக்கில் ரத்தம், நகம் கழன்று விழுவது எல்லாம் அந்த வேலையோடு வந்தவை. ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் இந்தப் பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்த ஆகஸ்டிலேயே அரசாங்கம் தடை என்றது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, பிறகு 2020 ஜனவரி 1-இல்தான் முழுசாகத் தடுத்தது. ஆக, அம்மாவுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை; அவர் கற்றதெல்லாம் பக்கத்தில் நின்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்துத்தான்.

அதனால் ஒரு நாள் கைப்பம்பு நாஸில் அடைத்துக்கொண்டபோது நடந்ததைச் சொல்லவேண்டும். மச்சான் நாஸிலைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கைலியில் ஒரு தேய் தேய்த்தார். ஊதுவதற்காக உதட்டுக்குக் கொண்டுபோனார். அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு பாக் சிக் தொழுகைப் பாயோடு வெளியே வந்துவிட்டார். "வாய வச்சி ஊதாதீங்க! பழைய பல்லு பிரஸ்ஸு என்னாத்துக்கு இருக்கு?" தோட்டத்தில் அப்படி ஊதியவர்கள் யார் யார் என்று நான் கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் பிரஸ் எடுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வேலை ஆரம்பிக்குமுன் அம்மாவின் பரிசோதனை நடக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. பிறகு முதல் கேள்வி: "காத்து எந்தப் பக்கம், தம்பி?" மச்சான் விரலை எச்சில் பண்ணித் தூக்கிக் காட்டுவார். அந்த விரலை வாயில் வைத்ததற்கு ஒரு திட்டு விழும். இரண்டாவது கேள்வி கருவேப்பிலை மரத்தைப் பற்றியது. மருந்தடிப்பதற்கு முன்னும் பின்னும் செடிகளுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஏற்கெனவே நனைந்த இலையும் மண்ணும் மருந்தை அவ்வளவாக வாங்காது. மச்சானின் கைலிக்கு யாரும் முன்கூட்டித் தண்ணீர் ஊற்றாததால், அதில் இப்போது பொட்டுப் பொட்டாகப் புது டிசைன்.

மாட்டேன் என்று சொல்லவும் அம்மாவிடம்தான் கற்றோம். பழைய தோட்டக் குடியிருப்பில் ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஜெட்டால் கழுவச் சொன்னார். நல்ல காசு. அந்தக் கூரையை அழுத்தித் தண்ணீர் அடித்தால் நார் உரிந்து சுற்றுப்புறமெல்லாம் சிதறும். காய்ந்த பிறகு காற்றில் கலந்து நெஞ்சுக்குள் போகும். முடியாது என்று மச்சானே சொன்னார். சொல்லிவிட்டு ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

போன மாதம் ஓர் ஈக்கான் பக்கார் கடை வேலை கிடைத்தது. கடை மூடிய பிறகு ராத்திரியில் தரையும் சுவரும் கழுவவேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு குளோராக்ஸ் உதவாது, டிக்ரீசர்தான். பிசுக்கைத் துணியாலும் மரத்தூளாலும் முதலில் வாரி எடுத்து மூட்டை கட்டினோம். அம்மா உத்தரவு: லோங்காங்கில் எதையும் தள்ளக் கூடாது, அது நேரே கடலுக்குப் போகிறது. முடித்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. கடைக்கார காக் பாதி காசைக் கையில் கொடுத்து, மீதிக்கு வாழை இலையில் பொசுக்கிய ஈக்கான் பாரி தருகிறேன் என்றார். மச்சான் விலைகூடப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ, அம்மா சொல்வதற்கு முன்னால் நாங்கள் கழுவிவிட்ட வீடுகளும் அவற்றின் லோங்காங்குகளும் ஞாபகத்துக்கு வந்தன. இந்த மீன் எந்தப் பக்கம் பிடித்தது என்று கேட்டேன்.

"ஏன்," என்றார் காக், "தெரிஞ்ச மீனா?"