பொச்சுமட்டையும் பென்சன் எடுக்காத ஆனையும்

இலங்கை ஆனையைக் கண்டால் மற்றத் தேசத்து ஆனைகள் தும்பிக்கை நுனியை நிலத்தில் வைத்து, பிறகு மேலே தூக்கி, மரியாதை செய்யுமாம். யாரும் பழக்கிக் கொடுத்ததல்லவாம், பிறவிக்குணமாம். இப்படி எழுதியவர் தவேர்னியே என்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய பயணநூல் வெளிவந்தது 1676ல். தொழில் வைர வியாபாரம். கல்லுக்குத் தரம் சொல்லி விற்றுப் பழகிய வாய், ஆனைக்கும் அதே பாணியில் தரம் சொல்லிவிட்டது.

யாழ்ப்பாணத்தார் இதைப் படித்தால் ஆச்சரியப்படமாட்டார்கள். எங்களைக் கண்டதும் மற்ற ஊரார் எழும்பி நிற்க வேணும் என்ற எதிர்பார்ப்பு எங்களுக்கும் பிறவிக்குணம்தான். ஒரேயொரு சங்கடம்: குடாநாட்டிலிருந்து கப்பலேறிய ஆனைகள் குடாநாட்டில் பிறந்தவையல்ல. அவை பிடிபட்டது வன்னியில். வன்னியத் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தவை. கடல்நீரேரியின் ஆழங்குறைந்த பக்கத்தால் நடத்திக் கொண்டுவந்தார்கள். அந்த இடத்துக்கு ஆனையிறவு என்று பெயர் நின்றது. ஊர்காவற்றுறையில் கப்பலேறியதும் சரக்கு யாழ்ப்பாணத்துச் சரக்காகிவிட்டது. வெளியில் போய்ப் பெயர் எடுத்தவனெல்லாம் 'எங்கட பெடியன்' என்கிற வழக்கம் அன்றைக்கே தொடங்கியிருக்க வேணும்.

அதற்கு முன்னமே, பனம்பழம் விழுகிற காலத்தில் ஆனைகள் தாங்களாகவே அந்த வழியால் வந்து தின்றுவிட்டுப் போகும் என்று ஒரு கதை உண்டு. விருந்துக்கு வந்த வழியாலேயே பிறகு விலைப்பட வந்திருக்கின்றன.

போர்த்துக்கேயரிடமிருந்து 1658ல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பறித்த ஒல்லாந்தருக்கு ஆனை என்றால் காசு. கோல்கொண்டாப் பக்கத்திலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். உயரத்தை முழத்தில் அளந்து விலை பேசினார்கள். கொம்பனுக்கு ஒரு விலை, கொம்பில்லாததுக்கு ஒரு விலை, உடம்பில் குறை கண்டால் கழிவு. எங்கள் கலியாணப் பேச்சுக்கு இதிலிருந்துதான் முறை எடுத்தார்களோ என்று எனக்கு ஐமிச்சம். ஆனைக்குச் சாதகம் பார்க்காதது ஒன்றுதான் வித்தியாசம்.

உயரத்துக்கு முழக்கோல் உண்டு. புத்திக்கு ஏது? அந்த இடத்தில்தான் தரகர் நுழைகிறார். தவேர்னியேக்கு ஆயிரத்து நானூறு வருசம் முந்தியே உரோமாபுரியில் ஈலியன் என்று ஒருவர் இருந்தார். இந்தியப் பெருநிலத்து ஆனையைவிட இலங்கை ஆனை பெரியது, பலம் கூடியது, புத்தியும் கூடியது என்று எழுதிவைத்தார். தீவார் பெரிய படகு கட்டி, ஆனையை ஏற்றிப்போய்க் கலிங்க அரசனுக்கு விற்கிறார்கள் என்பதும் அவர் தந்த தகவலே. இத்தாலியை விட்டு வெளிக்கிட்டதில்லை, கப்பலில் கால் வைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் அவர். பெண்ணைப் பாராமலே குணம் சொல்லும் தரகர்மாருக்கு ஆதிகுரு இவரே.

தும்பிக்கை வணக்கத்துக்கு வேறு விளக்கமும் இருக்கலாம். 1904ல் பேர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குச் செய்து பேராசிரியர்களையே வாய் பிளக்க வைத்தது. விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாக இருந்து ஆராய்ந்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் முகமும் தம்மையறியாமல் இலேசாக அசையும். அதைப் பார்த்து ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்கு வராது, முகம் பார்க்க வரும். கச்சேரியில் முப்பது வருசம் உத்தியோகம் பார்க்க வேறென்ன வேணும்? தவேர்னியே சொன்ன ஆனைகளின் முதுகிலும் பாகன் இருந்திருப்பான், அவனுக்குக் கால்விரல்களும் இருந்திருக்கும். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

இலங்கை ஆனைக்குத் தரம் சொல்ல அடுத்து வந்தவர் எமேர்சன் ரெனன்ட். 1845இலிருந்து 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளர். கோப்புப் பார்த்த நேரத்தைவிடக் காகம் பார்த்த நேரம் கூடுதலோ என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு எழுதியிருக்கிறார். 1847ல் குருநாகல் பக்கம் நடந்த ஆனை பிடிப்பைப் போய்ப் பார்த்தார். காட்டானைகளை மடக்குவதற்குக் கொண்டுவந்த பழகிய ஆனைகளில் ஒன்று ஒல்லாந்தரிடமும் பிறகு ஆங்கிலேயரிடமுமாக நூறு வருசத்துக்கு மேல் அரசாங்கச் சேவை செய்ததாம். ஆனை எழுபது வயது கண்டாலே பெரிய காரியம். கோப்பில் எங்கேயோ பெயர் மாறியிருக்கிறது. ஆனாலும் 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்' என்று சொல்லும் எங்களுக்கு இப்படியொரு முன்னோடி கிடைக்காது. கொடி இரண்டு, எசமான் இரண்டு, இடமாற்றம் இல்லை, பென்சன் எடுக்கவும் இல்லை.

ஆனால் ரெனன்ட் மயங்கியது சிறிபெத்தி என்ற ஐம்பது வயதுப் பெண் ஆனையிடம். காட்டானையின் காலில் கயிறு போட அதற்குப் பக்கத்தில் போக வேணும். சிறிபெத்தி நேரே போகாது. ஆறுதலாக நடக்கும், நிற்கும், ஒரு பிடி புல் பிடுங்கும், இரண்டு இலை பறிக்கும். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்பது போல. கிட்டப் போய்ச் சேர்ந்த பிறகுதான் காட்டானைக்குத் தெரியும், வந்தது உறவு பாராட்ட இல்லை என்று.

இதே கலை நரிக்கும் கைவரும். வேட்டையாடியதை நரி முதலில் பற்றைக்குள் ஒளிக்கும். பிறகு வெளியே வந்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு சுற்றிப் பார்க்கும். மனிதன் யாரும் நின்றால் பக்கத்தில் கிடக்கிற பொச்சுமட்டையைக் கவ்விக்கொண்டு, பெரும் பொருளோடு ஓடுகிற மாதிரி ஓட்டம் பிடிக்கும். பார்த்தவன் பொச்சுமட்டையைத் துரத்துவான். ஆள் போனபின் நரி திரும்பி வந்து அசலை எடுக்கும். நேரில் கண்ட ஒருவர் ரெனன்டுக்குச் சொன்னது இது. நரிக்கொம்பு வைத்திருந்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். எங்கள் ஊர் எல்லைவேலி வழக்குகளைப் பார்த்தால், கொம்பை விட்டு அப்புக்காத்துமாரை நம்பியவர்களே கூட என்று படுகிறது.

காகக் கதை கொழும்பில் நடந்தது. சங்கிலியில் கட்டிய நாய் எலும்பு கடித்துக்கொண்டிருக்கிறது. காகம் ஒன்று முன்னால் நின்று கழுத்தைச் சரித்து ஆடிக் காட்டுகிறது. நாய் அசையவில்லை. காகம் பறந்துபோய்க் கூட்டாளியைக் கூட்டிவந்தது. முன்னுக்கு நின்றது பழையபடி ஆட, பின்னால் இருந்தது வேகமாக இறங்கி நாயின் முள்ளந்தண்டில் ஒரு கொத்து. நாய் திரும்பிய நொடியில் எலும்பு ஆகாயத்தில். ரெனன்ட் இதை ரசித்து ரசித்து எழுதினார். அவர் செயலாளராக இருந்த அரசாங்கமோ 1848ல் நாய்க்கு வரி போட்டது. எலும்பைக் காகம் கொண்டுபோக, வரியை நாய்க்காரன் கட்ட வேணும். அந்த வருசம் அரசாங்கத்துக்கு எதிராக எழும்பிய கலகத்துக்கு வேறு வரிகளும் காரணங்களும் இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். நாயின் பக்கத்தை யார் கேட்டார்கள்?

காகத்துக்கு முன்பு நல்ல காலமும் இருந்தது. அது கறுவாப் பழம் தின்று விதை பரப்புகிறது என்று ஒல்லாந்தர் காகம் கொன்றவனைத் தண்டித்தார்கள். ஒரு பறவையின் வயிற்றுப்போக்கைக் கொம்பனிக்கு வருமானமாகக் கணக்கெழுதியவர்களைப் பாராட்டத்தான் வேணும்.

இப்படிப்பட்ட கதைகள் மலிந்துபோக, லொயிட் மோர்கன் என்ற ஆங்கிலேயர் 1894ல் ஒரு கட்டுப்பாடு விதித்தார்: எளிய காரணம் போதுமென்றால் விலங்குக்குப் பெரிய புத்தியைக் கட்டாதே. நியாயம்தான். ஆனால் எங்கள் ஆச்சி விரதச்சோறு வைத்துவிட்டுக் 'கா கா' என்று கூப்பிடும்போது கிடுகுவேலியில் இருக்கும் காகத்தை மோர்கன் பார்த்ததில்லை. அது இலையைப் பார்க்காது. பக்கத்து வளவைப் பார்க்கும், முருங்கையைப் பார்க்கும், அலகைத் துடைக்கும்.

"உது விளங்காத மாதிரி இருக்குது, பிள்ளை. நீ உள்ள போ" என்பா ஆச்சி.

நான் விறாந்தையில் ஏறித் திரும்பினால் சோறு இராது. காகத்துக்குப் பயமா, சூழ்ச்சியா என்று ஆச்சி விசாரிக்கவில்லை. தனக்கு எப்போது சாப்பாடு என்பது மட்டும் அவவுக்குத் தெரிந்தால் போதும்.

2011ல் தாய்லாந்தின் லம்பாங்கில் ஆனைகளின் ஒத்துழைப்பைச் சோதித்த ஆராய்ச்சி வெளிவந்தது. எட்டாத தூரத்தில் தீன் வைத்த பலகை. அதைச் சுற்றிப் போகும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு ஆனைகள் ஒரே நேரத்தில் இழுக்க வேணும். ஒன்று மட்டும் இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். துணை வரும்வரை நாற்பத்தைந்து விநாடிவரை காத்து நின்று ஆனைகள் கெட்டித்தனத்தைக் காட்டின. ஆனால் ஒரு இளம் பெண் ஆனை மட்டும் இழுக்கவேயில்லை. தன் பக்கத்து முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றது. கயிறு உருவாது. மற்ற ஆனை தனியே பாடுபட்டு இழுக்க, பலகை வந்து சேர்ந்தது, தீனில் பாதி இதற்கும் கிடைத்தது. பக்கத்தில் புல் இருந்திருந்தால் நடுவில் ஒரு பிடி பிடுங்கியும் இருக்கும்.