முதுகுக்குப் பின்னால் ஒரு சித்தப்பா

தனியாக ஊர் சுற்றுகிறவருக்கு முகம் கிடையாது, முதுகுதான் உண்டு. நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். மலை உச்சி, எதிரே பள்ளத்தாக்கு, நடுவில் ஒரு முதுகு, அந்த முதுகில் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் பை. அடியில் "என்னைத் தேடி நான்" என்று ஒரு வரி. அதற்கு முந்நூறு பேர் இதயம் போட்டிருப்பார்கள். அந்த முந்நூறு பேரில் ஒருவராவது, "ஆளில்லாத மலையில் இவனுக்குப் பின்னால் நின்று இதை எடுத்தது யார்?" என்று கேட்டதுண்டா?

யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் நானே சொல்கிறேன். நான்தான் எடுத்தேன்.

இவர்கள் பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். வெள்ளி ராத்திரி பஸ் ஏறுவார்கள். பொதுவாகத்தான் சொல்கிறேன், குறிப்பிட்ட யாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. என் வீட்டுக்காரியின் அக்கா இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து நம்ப வேண்டும்.

விடிகாலையில் போன் வரும். "சித்தப்பா, சோலோ டிரிப் வந்திருக்கேன். சந்தவாசல்ல நிக்கிறேன். வண்டிய எடுத்துக்கிட்டு வர்றீங்களா?" சந்தவாசலிலிருந்து எங்கள் ஊர் படவேட்டுக்குப் பஸ் வரும், ஷேர் ஆட்டோவும் உண்டு. ஆனால் தனியாகப் பயணம் செய்கிறவர் பஸ்ஸில் ஏறினால் கூட்டமாகிவிடும் அல்லவா? என் பழைய டிவிஎஸ் 50-இல் நான், அவர், அவருடைய பை என்று மூன்று உருப்படி. மேட்டில் வண்டி திணறும்போது நான் இறங்கித் தள்ளுவேன். பை இறங்காது.

கோட்டைமலையில் வேணுகோபால சுவாமி கோயில் இருக்கிறது. மேலே நின்றால் ஜவ்வாது மலை வரிசையும், கீழே கமண்டல நதிக்கரையும், வாழைத்தோப்புகளும் தெரியும். சாமி கும்பிட்டு, காற்று வாங்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டிய இடம். அங்கே எனக்கு நடந்த பயிற்சியைக் கேளுங்கள்.

"சித்தப்பா, நான் அந்தப் பாறை வரைக்கும் நடக்குறேன். நீங்க எடுக்குற மாதிரியே தெரியக் கூடாது."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

"படத்துக்கு."

நடந்தார். எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தார். நான் "ரெடி" என்று சொன்னதில் அவருடைய தோள் விறைத்துவிட்டதாம். மறுபடியும் நடந்தார். இந்த முறை சொல்லாமல் எடுத்தேன், இடது கால் முன்னால் வந்துவிட்டதாம். அடுத்ததில் ஓர் ஆடு. அதற்கடுத்ததில் ஆட்டைத் தேடி வந்த பையன். பிறகு வந்ததில் என் கட்டைவிரல். "கொஞ்சம் குனிஞ்சு, கீழ இருந்து எடுங்க சித்தப்பா, மலை பெருசாத் தெரியும்" என்றார். இந்த வயதில் குனிவது ஒன்றும் பெரிய காரியமில்லை, நிமிர்வதுதான். நான் பாறையைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது, வெளிச்சம் போய்விட்டது என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் தேறிய ஒரே படத்துக்கு ராத்திரி ஒரு தலைப்பு வந்தது: "மௌனம்." அன்று முழுக்க நாங்கள் இருவரும் வாய் மூடவே இல்லை என்பதற்கு அந்த ஆட்டுக்காரப் பையன் சாட்சி.

இந்த ஜாதி வெளிநாடு போனால் பாரிஸ், லண்டன் போகாது. அங்கெல்லாம் எல்லோரும் போகிறார்கள். போலந்துக்குப் போகும். அலுவலகம் வேலையாகக் கிராக்கோவுக்கு அனுப்பும். டிக்கெட் அலுவலகம், அறை அலுவலகம், சனி ஞாயிறு மட்டும் 'சோலோ'. போய் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து படம் காட்டினார். கிராக்கோவ் சந்தைச் சதுக்கத்தில் முதுகு. க்டான்ஸ்க் துறைமுகத்தில் முதுகு. கோபர்னிக்கஸ் பிறந்த டோருன் நகரத்தில், அவருடைய சிலைக்கு எதிரே முதுகு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன மனிதருக்கே இந்தக் கதி.

கிராக்கோவில் மரியன்னை ஆலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு தரம் எக்காளம் ஊதுவார்கள். இசை போய்க்கொண்டே இருக்கும்போது பாதியில் சட்டென்று நின்றுவிடும். பகைவர் படை வருவதைப் பார்த்து எச்சரித்து ஊதிய காவல்காரனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம், அதனால்தான் இன்றைக்கும் அந்த இடத்தோடு நிறுத்துகிறார்கள் என்று ஊர்க்கதை. நாலு திசைக்கும் நாலு தடவை ஊதுகிறார்கள். நம்மவர் நாலையும் கேட்கவில்லை. அந்த நேரம் முழுக்க ஒரு போலந்துப் பாட்டியிடம் போனைக் கொடுத்து, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று கை ஜாடையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். பாட்டிக்கும் கட்டைவிரல் தடுக்கியிருக்கிறது. எனக்கு அந்த அம்மாள் மேல் உடன்பிறந்த பாசம் வந்துவிட்டது.

பக்கத்தில் வியெலிச்கா உப்புச் சுரங்கம். முதலிலேயே முந்நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும். நூறு மீட்டர் ஆழத்தில் உப்பைக் குடைந்தே ஒரு தேவாலயம், அதில் தொங்குகிற சரவிளக்கின் மணிகளும் உப்பு. சுற்றுலா வழியில் தனியாக விட மாட்டார்கள், வழிகாட்டியோடு கும்பலாகத்தான் போக வேண்டும். "அப்ப அங்க என்ன பண்ணினே?" என்று கேட்டேன். படத்தைக் காட்டினார். தேவாலயத்தில் ஒற்றை முதுகு. கும்பல் முழுவதையும் ஓரமாக நிற்கச் சொல்லி எடுத்ததாம். அந்த ஏழெட்டு நாட்டுக்காரர்கள் மனதில் என்ன நினைத்தார்கள் என்று அந்தந்தப் பாஷை தெரிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வார்சாவின் பழைய நகரத்தைக் காட்டி, "எழுநூறு வருஷத்து வீடுங்க, சித்தப்பா" என்றான். (இனி 'அவன்' என்றே சொல்லிவிடுகிறேன், மரியாதை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.) ஊர் பழசுதான், வீடுகள் என் வயதை ஒட்டியவை. 1944-இல் ஹிட்லரின் படை அந்த நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது. போர் முடிந்த பிறகு, 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் பெலோட்டோ வரைந்து வைத்திருந்த தெருக்காட்சிகளையும் பார்த்துப் பார்த்து அந்த மக்கள் திரும்பக் கட்டினார்கள். அப்படிக் கட்டியதற்காகவே 1980-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. "இதெல்லாம் அங்க போர்டுல எழுதியிருக்குமே?" என்றேன். எழுதியிருந்தது. படத்திலும் போர்டு இருக்கிறது. முதுகு மறைத்திருக்கிறது.

எங்கள் ஊரும் அடிபட்டு எழுந்த ஊர்தான். சம்புவராயர்கள் தலைநகராக வைத்து ஆண்டார்கள். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையோடு வந்து ஜெயித்தான். பிறகு கோயில்கள் பல மண்மூடிப் போய், மேலே பயிர் வைத்த காலமும் இருந்தது. எங்கள் காலத்தில்தான் தோண்டிச் சீர்செய்து விளக்கேற்றினார்கள். யோக ராமர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ராமர் கையில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. உட்கார்ந்து சின்முத்திரை காட்டுகிறார். எதிரே அனுமன் ஓலைச்சுவடியை விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கலாம். இவன், "உள்ள படம் எடுக்கக் கூடாதாமே" என்று முகம் சுருங்கி வெளியே வந்துவிட்டான். எடுக்கவிட்டிருந்தால் மட்டும் என்ன, ராமருக்கு முன்னால் இவன் முதுகு.

ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்ததுதான் உச்சம். சுற்றுவட்டாரமே வண்டி கட்டி வந்து, அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்து, மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியிருக்கும் நாள். காலை வைக்க இடமில்லை. இவன் கோபுரத்தைப் பார்த்து நின்றுகொண்டு, "சித்தப்பா, ஆள் இல்லாம ஒண்ணு" என்றான். நானும் போய் நாலைந்து குடும்பங்களிடம் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். "இன்னாத்துக்கு?" என்றது ஒரு கிழவி. "பையன் தனியா நிக்கணுமாம்" என்றேன். அந்தம்மா இவனை ஏற இறங்கப் பார்த்து, "யாரு பெத்த புள்ளையோ, ஒண்டியா நிக்குதே" என்று ஒரு சொம்புக் கூழைக் கையில் திணித்துவிட்டாள். முழுவதையும் குடித்தான். சாயங்காலம் அந்தக் கிழவியின் பானை மூட்டையைத் தன் பைமேல் ஏற்றிக்கொண்டு வண்டி வரை கொண்டுபோய்க் கொடுத்தான். அதை எடுக்கச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. நல்ல பிள்ளைதான், முகத்தைத் திருப்பி நின்றால்.

ராத்திரி மட்டும் தனியாகப் படுக்க மாட்டான். மாடி அறையைப் பெருக்கி வைத்தாலும், கூடத்தில் என் பக்கத்தில் பாயை விரித்துவிடுவான். விளக்கு எரிய வேண்டும். அம்மாவுக்குச் சாப்பிட்டாயிற்று என்று ஒரு போன், படுத்தாயிற்று என்று ஒரு போன்.

போலந்து என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறொரு பயணி. வாண்டா டைனோவ்ஸ்கா. 1930-களில் அந்த நாட்டிலிருந்து கிளம்பி வந்தவர், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் அடியாரானார், உமாதேவி என்றும் அழைக்கப்பட்டார். பகவத் கீதையைப் போலிஷ் மொழியில் பெயர்த்தார். வார்சாவில் பிறந்த மாரிஸ் ஃபிரிட்மனும் மகரிஷியிடம் வந்தவர்தான், இருவரும் சேர்ந்து போலந்து–இந்திய நூல் வரிசை ஒன்றை நடத்தினார்கள். எங்கள் ஊரிலிருந்து போளூர் வழியாகப் போனால் வருகிற ஊரில் நடந்த கதை. சொன்னேன். "அவங்க இன்ஸ்டால இருக்காங்களா?" என்றான். 1971-இல் காலமாகிவிட்டார் என்றேன்.

இதுவரை சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். ஆரணியில் நடந்ததை அப்படி எழுத வரவில்லை.

தறி பார்க்க வேண்டும் என்றான். தெரிந்த நெசவாளர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குழித்தறி. அவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதிக்க மிதிக்க, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஜக்கார்டில் அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, கீழே பார்டரில் ஜரிகை மாங்காய் ஒன்று பாதி முளைத்திருந்தது. மூலையில் அவர் வீட்டம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார். இவன் என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணா, நீங்க கொஞ்சம் வெளிய வர்றீங்களா? தறி மட்டும் இருந்தா நல்லா இருக்கும்."

அவர் ஒன்றும் சொல்லாமல் கையை ஊன்றி எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றார். அவர் தறி, அவர் வீடு. புடவை அறுத்துக் கொடுத்தால்தான் அவருக்குக் கூலி. பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறினாலும் அந்தக் கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. அரை மணி நேரம் தறி நின்றது. கிளம்பும்போது புடவை விலையைக் கேட்டான். கேட்டுவிட்டு, ஆன்லைனில் இதைவிடக் குறைவாக வருகிறது என்று அவர் காதுபடச் சொன்னான். விசைத்தறிப் புடவைக்கும் கைத்தறிப் புடவைக்கும் வித்தியாசம் சொல்ல அவர் வாயெடுத்தார், இவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். படத்தின் தலைப்பு: "அழிந்துவரும் கலை." வீட்டுக்குத் திரும்புகிற வரை நான் அவனோடு பேசவில்லை. முதல் தடவையாக உண்மையிலேயே தனியாக வந்திருப்பான்.

வருகிற ஆடிக்கும் வருவதாகச் செய்தி வந்திருக்கிறது. வரட்டும், சித்தி கையால் நாலு இட்லி சாப்பிடட்டும். அவனைப் போல இந்தப் பக்கம் கிளம்புகிற மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன். படவேட்டுக்குத் தாராளமாக வாருங்கள், தறிவீட்டுக்கும் போங்கள். நெய்துகொண்டிருப்பவரைக் குழியிலிருந்து எழுப்பாதீர்கள். எழுப்பிவிட்டால் ஒரு புடவை வாங்காமல் வராதீர்கள். முதுகைப் படம் எடுக்க மூன்று கால் ஸ்டாண்டு எல்லாச் செல்போன் கடையிலும் விற்கிறது. அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு சித்தப்பாக்களை விட்டுவிடுங்கள்.