கலரியில் ஒரு ரசிகசிகாமணி

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு சினிமா விமர்சகர் உளர்; 1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’க்குப் பின் பாரததேசத்தில் சினிமா என்பதே ஜனிக்கவில்லையென்று சாதிப்பவரும், தமிழ்ப் படம் ஒவ்வொன்றையும் இரண்டே வாக்கியங்களில் தகனம் செய்து அஸ்தியைப் பத்திரிகைக்கு அனுப்புபவருமான அம்மகானுபாவர், பல்கனியிலிருந்து கண்டனம் எழுதிய அதே படத்தை, மறு கிழமை செல்லமஹால் தியேட்டரின் கலரி இருட்டில் தலைப்பாகையால் முகம் மறைத்து அமர்ந்து, எம்.ஜி.ஆர். வாளை உருவுமுன்பே சீழ்க்கையடித்து வரவேற்கிறார் என்பது பரம ரகசியம்.

இதற்குப் பூர்வோதாரணம் இல்லாமலில்லை. பேசும்படங்களைப் பரிகாசத்தால் வறுத்தெடுத்த கல்கியே 1939இல் தம் ‘தியாகபூமி’யை விகடனில் தொடராகவும் திரையில் படமாகவும் ஒருங்கே உலவவிட்டார், 1945இல் ‘மீரா’ படத்துக்குப் பாட்டும் புனைந்தார். ஆனால் அவர் அதைப் பகிரங்கமாகச் செய்தார். நம்மவரோ இலங்கை வானொலியின் திரைப்பாடல்களைக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டே சிரவணம் செய்பவர்.

டிக்கட் கிழிப்பவர் மாத்திரம், “ஐயா, போன கிழமையும் இதே படந்தானே?” என்று கேட்டுவிடுகிறார்.

“குறைகள் இன்னும் எண்ணி முடியவில்லை, தம்பி!”